இரண்டு கையெழுத்துகள்: ஊராட்சி அரசியலில் ஒரு காதல் நாவல் எழுதிய அனுபவம்

அரசியலைக் களமாகக் கொண்டு ஒரு காதல் நாவல் எழுத 2022-இல் உட்கார்ந்தபோது என் மனத்தில் இருந்தவை சட்டமன்றமும் கோட்டையும்தான். அமைச்சரின் மகள், எதிர்க்கட்சி இளைஞன், தேர்தல் மேடை என்று எண்பது பக்கங்கள் வரை எழுதினேன். திரும்பப் படித்தபோது, அமைச்சரை ஒரு ஜவுளிக்கடை முதலாளியாக மாற்றினாலும் கதையில் ஓர் எழுத்துகூட மாறாது என்பது தெரிந்தது. அந்தப் பக்கங்களை ஒதுக்கிவிட்டு, எனக்குப் பழக்கமான புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராம ஊராட்சி ஒன்றுக்குக் கதையைக் கொண்டுவந்தேன்.

அதற்குக் காரணம் ஒரு காசோலை. தமிழ்நாட்டில் கிராம ஊராட்சியின் காசோலையில் தலைவரோடு துணைத் தலைவரும் கையெழுத்திட வேண்டும். தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். துணைத் தலைவரையோ வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் ஒருவராக மறைமுகத் தேர்தலில் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆகவே தலைவர் ஓர் அணியிலும் துணைத் தலைவர் எதிரணியிலும் அமைந்துவிடுவது உண்டு. ஒன்றையொன்று தோற்கடிக்கப் பாடுபட்ட இரு வீடுகளின் பிள்ளைகள், ஐந்தாண்டுக் காலம் ஒரே தாளில் அருகருகே பெயரெழுத வேண்டிய கட்டாயம் எனக்குப் பெரிய வரமாகத் தோன்றியது. நாயகியைத் தலைவராகவும் நாயகனைத் துணைத் தலைவராகவும் வைத்தேன்.

எழுதத் தொடங்கியதும் என் அறியாமை ஒவ்வொன்றாக வெளிப்பட்டது. வாக்குப்பதிவுக் காட்சியில் இயந்திரத்தின் ஒலியைக் கேட்டு நாயகி சிலிர்ப்பதாக எழுதியிருந்தேன். ஆனால் 2019 டிசம்பர் 27, 30 ஆகிய நாட்களில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலில் இயந்திரமே கிடையாது, வாக்குச்சீட்டுதான். ஒவ்வொருவரும் நான்கு வாக்குகள் அளித்தார்கள். தலைவருக்கான சீட்டு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். கட்சிச் சின்னம் ஒன்றியத்துக்கும் மாவட்டத்துக்கும் மட்டுமே உண்டு. ஊராட்சித் தலைவரும் வார்டு உறுப்பினரும் கட்சி சாராமல் சுயேச்சைச் சின்னத்தில் நிற்பவர்கள். எந்தக் கட்சிக்காரர் என்பது ஊருக்கே தெரிந்திருக்க, தாளில் மட்டும் அது இல்லாதிருக்கும் இந்த நிலை, சொல்லாத காதலை எழுதுவதற்கு மிகவும் உதவியது. 2020 ஜனவரி 2 அன்று தொடங்கிய எண்ணிக்கை பல இடங்களில் மறுநாளும் நீண்டது. நிறம் பிரித்துக் கட்டுக்கட்டாக அடுக்கப்படும் சீட்டுகளுக்கு முன்னால் இரு தரப்பு முகவர்களும் தூக்கமின்றி நிற்கும் அந்த இரவில்தான் இருவரும் முதன்முதலாகப் பேசிக்கொள்கிறார்கள்.

காலக்கணக்கிலும் ஒரு தவறு நேர்ந்தது. முக்கியமான கிராம சபைக் காட்சியை 2020 அக்டோபர் 2-இல் வைத்திருந்தேன். கொரோனா காரணமாக அந்நாள் கூட்டம் ரத்து செய்யப்பட்டது பிறகே நினைவுக்கு வந்தது. காட்சியை ஓராண்டு தள்ளிவைத்தேன். அதனால் அவர்களுடைய நெருக்கத்துக்கு ஊரடங்கு மாதங்கள் கிடைத்தன; பிளீச்சிங் பவுடர் மூட்டைகளும் பூட்டிய தெருக்களும் கதைக்குள் வந்தன.

இவற்றையெல்லாம் திருத்திவிடலாம். ஆனால் நாவலின் நடுவில் நான் செய்திருந்த பிழை வேறு வகையைச் சேர்ந்தது.

ஊராட்சித் தலைவராகப் பணியாற்றிய ஓர் அக்காவிடம் என் கைப்பிரதியை வாசித்துக் காட்ட அனுமதி கேட்டிருந்தேன். அவர் தனித்தொகுதியில் வென்ற பெண். மாலையில் அவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, நான் மிகவும் விரும்பி எழுதியிருந்த அத்தியாயத்தைப் படித்தேன். நாயகியிடம் கோபித்துக்கொண்ட நாயகன், காசோலையில் கையெழுத்திடாமல் பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு போகிறான். அவள் அவனைத் தேடி வயல்வரை நடக்கிறாள். ஊடலை எழுதிய நிறைவோடு நிமிர்ந்தபோது அவர் முகம் மாறியிருந்தது.

“கையெழுத்துப் போடாம நாலு மாசம் என்னை நடக்கவிட்டாங்கம்மா. மோட்டார் எரிஞ்சு போச்சு, காயில் கட்டுறதுக்குக் காசு எடுக்க முடியல. எங்க தெருப் பொம்பளைங்க ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்திரிச்சு தண்ணிக்குப் போனாங்க. அதை நீ கொஞ்சலா எழுதியிருக்கே.”

அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை. காபி கொண்டுவந்து கொடுத்தார். அதன் பிறகு மூன்று மாதங்கள் என்னால் ஒரு வரிகூட எழுத முடியவில்லை. மதுரை மாவட்டத்துப் பாப்பாப்பட்டியிலும் கீரிப்பட்டியிலும் தனித்தொகுதி என்ற ஒரே காரணத்துக்காக 1996 முதல் 2006 வரை தலைவர் தேர்தலை முறையாக நடத்த முடியாமல் போன வரலாற்றைப் படித்தவள்தான் நான். அப்படியிருந்தும், நாற்காலியில் அமர்ந்துவிட்ட பெண்ணை ஒரு பேனாவை மூடிவைத்தே செயலிழக்கச் செய்யலாம் என்பதை என் சொந்தக் கதைக்குள் நான் காணவில்லை. காதலன் செய்தால் அது ஊடல் என்று நினைத்துவிட்டேன். அவன் மூடிவைக்கும் பேனாவால் காய்வது அவளுடைய மனம் மட்டுமன்று, ஒரு தெருவின் குழாய்களும்தான்.

மீண்டும் எழுதியபோது நாயகி தனித்தொகுதித் தலைவரானாள்; நாயகன் ஊரில் செல்வாக்குள்ள சாதியைச் சேர்ந்தவனாகவே இருந்தான். கையெழுத்து மறுப்பு அவனுடைய பெரியப்பாவின் உத்தரவாக வருகிறது. அவன் ஆறு வாரங்கள் அதற்குக் கீழ்ப்படிகிறான். அந்த ஆறு வாரங்களை மன்னிக்கத்தக்கதாக நான் எழுதவில்லை. பிறகு ஒருநாள் கிராம சபையில், தன் சொந்தங்கள் அனைவரும் அமர்ந்திருக்க, தீர்மானப் புத்தகத்துக்குப் பக்கத்தில் காசோலையை வைத்து அவன் கையெழுத்திடுகிறான். அப்போதும் அவள் புன்னகைப்பதில்லை. காதல் மலர அதற்குப் பிறகும் நூறு பக்கங்கள் தேவைப்பட்டன. கைப்பிரதியைக் கேட்ட ஒரு பதிப்பாளர் அவற்றைக் குறைக்கச் சொன்னார், நான் மறுத்துவிட்டேன். வேறொருவர் அப்படியே வெளியிட ஒப்புக்கொண்டார்.

முடிவு மட்டும் நெடுநாள் பிடிபடவில்லை. 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு பதவிக்காலம் முடிந்து, ஊராட்சிகள் தனி அலுவலர்களின் பொறுப்புக்குச் சென்றபோது அது தானாகக் கிடைத்தது. மறுநாள் காலையில் இருவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டிய தாள் எதுவும் இல்லை. சந்திக்கக் காரணம் இல்லாத அந்த முதல் நாளில் அவன் அவள் தெருவுக்குள் நடந்து வருவதோடு நாவலை நிறுத்தினேன்.

கடைசி அத்தியாயத்தை அந்த அக்காவிடம் மறுபடியும் வாசித்துக் காட்டினேன். அவர் ஒரே ஒரு திருத்தம் சொன்னார். நான் நாயகனைத் தெருமுனையில் நிற்க வைத்திருந்தேன். “முனையில எதுக்கு நிக்கணும்? வீட்டு வாசல்வரைக்கும் வரச் சொல்லு, ஒரு சொம்புத் தண்ணி வாங்கிக் குடிக்கச் சொல்லு” என்றார். அப்படியே மாற்றி எழுதினேன்.