பாங்காக்கில் அப்பாவுடன் ஐந்து நாட்கள்

கோயிலுக்குப் போகும் ஊரில் நமக்கு யாரும் ஒழுங்கு சொல்லித்தர வேண்டியதில்லை என்பது அப்பாவின் எண்ணம். செருப்பைக் கழற்றுவது, சன்னிதியில் காலை நீட்டாமல் உட்காருவது எல்லாம் நமக்குப் பிறந்ததிலிருந்தே பழக்கம்தானே என்றார். பாங்காக்கில் இறங்கிய மறுநாளே அந்தத் தெம்பில்தான் இருவரும் ஏமாந்தோம்.

தாய்லாந்து அரசர்களின் பெரிய அரண்மனையின் மதிலை ஒட்டி நடந்துகொண்டிருந்தபோது, நன்றாக உடுத்திய ஒருவர் எதிரே வந்து வணங்கினார். உள்ளே பிக்குகளின் வழிபாடு நடப்பதால் மதியம் ஒரு மணி வரை அரண்மனை மூடியிருக்கும் என்றும், அதுவரை டுக்டுக் என்ற மூன்று சக்கர வண்டியில் வேறு கோயில்களைப் பார்த்துவரலாம் என்றும் கனிவாகச் சொன்னார். கேட்ட கட்டணம் நாற்பது பாத் மட்டுமே. அப்பா அவருக்கு நன்றி கூட சொன்னார். ஒரு சிறு கோயிலைப் பார்த்தபின் வண்டி நின்ற இடம் ஒரு நகைக்கடை. அங்கிருந்து ஒன்றும் வாங்காமல் வெளியே வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. திரும்பி வந்தபோது அரண்மனை வாசலில் கூட்டம் அலைமோதியது, அது காலை முழுவதும் திறந்தேதான் இருந்திருக்கிறது. அரச சடங்குகள் நடக்கும் சில நாட்களைத் தவிர, காலை 8:30 முதல் மாலை 3:30 வரை நுழைவுச்சீட்டு கிடைக்கும். தெருவில் தானாக வந்து பேசுபவர் எவ்வளவு மரியாதையாகப் பேசினாலும், வாசல் வரை நடந்து கண்ணால் பார்த்த பிறகே நம்பவேண்டும். தவறு நடந்துவிட்டால் சுற்றுலாக் காவல்துறையின் எண் 1155. இதை அப்பா தம் சட்டைப்பை நோட்டில் அன்றே எழுதிக்கொண்டார்.

அரண்மனை வளாகத்திலுள்ள மரகத புத்தர் கோயிலுக்குத் தோளும் முழங்காலும் மறைந்த உடை கட்டாயம். மடித்துக் கட்டாத வரை அப்பாவின் வேட்டிக்கு எந்தத் தடையும் வரவில்லை. சுமார் 66 செ.மீ. உயரமே உள்ள அந்தச் சிலையின் முன் சம்மணமிட்டு அமர்ந்தவர், அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் கால்களை ஒருபுறமாகப் பின்னால் மடித்து அமர்ந்திருப்பதைக் கண்டு தாமும் மெல்ல மாற்றிக்கொண்டார். தாய்லாந்தில் பாதம் உடலிலேயே தாழ்ந்த உறுப்பு. அதைச் சிலையை நோக்கியோ, எதிரில் உள்ளவரை நோக்கியோ காட்டினால் அவமதிப்பாகும். வாசற்படியையும் மிதிக்காமல் தாண்டிச் செல்லவேண்டும். இது நமக்குப் பழக்கமானதுதான்.

பழக்கமில்லாதது தலை விஷயம். 46 மீட்டர் நீளமுள்ள சயன புத்தர் இருக்கும் வாட் போ கோயிலில், விளையாடிக்கொண்டிருந்த ஒரு சிறுவனின் தலையில் கைவைத்து ஆசி சொல்ல அப்பா குனிந்தார். நம்மூரில் பெரியவர்கள் செய்யும் அன்பான காரியம். அங்கேயோ தலை உடலின் உயர்ந்த இடம், அந்நியர் கை அதன்மேல் படுவதை விரும்பமாட்டார்கள். சிறுவனின் அம்மாவின் புன்னகை ஒரு கணம் உறைந்ததைப் பார்த்து, நான் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். பிக்குகளைப் பெண்கள் தொடாமல் இருப்பதும், அவர்களிடம் எதையும் நேராகக் கையில் கொடுக்காமல் இருப்பதும் இன்னொரு கண்டிப்பான வழக்கம்.

இவையெல்லாம் மரியாதை சார்ந்தவை, தவறினால் முகம் சுளிப்பதோடு போகும். சட்டம் அப்படியல்ல. அரசரையோ, அரசியையோ, பட்டத்து வாரிசையோ இழிவுபடுத்திப் பேசினாலோ எழுதினாலோ, குற்றவியல் சட்டத்தின் 112 ஆம் பிரிவின்படி ஒவ்வொரு குற்றத்துக்கும் 3 முதல் 15 ஆண்டுகள் வரை சிறை. வெளிநாட்டவருக்கு விலக்கு இல்லை, சமூக ஊடகத்தில் விளையாட்டாக இட்ட பதிவும் இதில் அடங்கும். நாணயத்திலும் தாளிலும் அரசரின் உருவம் இருப்பதால், கைநழுவி உருளும் காசைக் காலால் மிதித்து நிறுத்தக்கூடாது. மின்சிகரெட்டும் அங்கே தடைசெய்யப்பட்டது, பையில் வைத்திருந்தாலே வழக்கு வரலாம்.

இருசக்கர வாகனம் வாடகைக்கு எடுக்க எனக்கு ஆசை இருந்தது. இடதுபக்கப் போக்குவரத்துதானே என்ற தைரியம். கடைக்காரர் என் கடவுச்சீட்டையே பிணையாகக் கேட்டார், மறுத்துவிட்டு வந்தேன். அதை வெளியாரிடம் விட்டுவைப்பது எந்த ஊரிலும் வேண்டாத வேலை. பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி இல்லாமல் ஓட்டி விபத்தானால், பயணக் காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுக்கவும் இடமுண்டு.

சைவ உணவுக்காரர்கள் “காய்கறி மட்டும்” என்று சொல்வது போதாது, ஏனெனில் மீன்சாறு ஏறக்குறைய எல்லாக் குழம்பிலும் விழும். “ஜே” என்ற ஒற்றைச் சொல்லைச் சொன்னால் மீனும் முட்டையும் பாலும் இல்லாத, பூண்டு வெங்காயமும் தவிர்த்த உணவு என்று புரிந்துகொள்வார்கள். மஞ்சள் கொடியில் சிவப்பில் அந்த எழுத்தை எழுதிவைத்த கடைகளைத்தான் அப்பா தினமும் தேடினார்.

கடைசி மாலை, சீலோம் சாலையில் தமிழர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு லும்பினி பூங்காவில் நடந்துகொண்டிருந்தோம். ஆறு மணி ஆனதும் ஒலிபெருக்கியில் தேசிய கீதம் எழுந்தது. ஓடிக்கொண்டிருந்தவர்கள் உட்பட அத்தனை பேரும் அப்படியே நின்றார்கள். அப்பா மட்டும் இரண்டடி கூடுதலாக வைத்துவிட்டார். பிறகு சுற்றிலும் பார்த்து, வேட்டியின் மடிப்பை அவிழ்த்துவிட்டு, கீதம் முடியும்வரை அசையாமல் நின்றார்.