தென் ஐரோப்பாவில் புகலிடம்: சட்டத்துக்கு முன் வரிசையைப் பாருங்கள்

இத்தாலி, ஸ்பெயின், கிரேக்கம் ஆகிய நாடுகளின் புகலிடக் கொள்கையை ஆராய உட்காருபவர்கள் பெரும்பாலும் சட்டப் புத்தகத்தில்தான் தொடங்குகிறார்கள். ஸ்பெயினின் 12/2009 இலக்கச் சட்டம், இத்தாலியின் 142/2015 இலக்க ஆணை, கிரேக்கத்தின் 4939/2022 தொகுப்புச் சட்டம் என்று வாசித்து முடித்து, உரிமைகள் நன்றாகத்தான் இருக்கின்றன என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். இந்த நாடுகளில் பலருடைய கதி அதற்கு முன்பே, பொலிஸ் அலுவலக வாசலில் தீர்ந்துவிடுகிறது. விண்ணப்பத்தைப் பதியவே வழி கிடைக்காதவருக்கு அந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவும் உதவாது. ஆய்வை அந்த வாசலில் தொடங்குங்கள்.

வாசலில் மூன்று படிகள் உண்டு. "எனக்குப் புகலிடம் வேண்டும்" என்று வாயால் சொல்வது முதற்படி. அதிகாரிகள் அதைப் பதிவது இரண்டாவது. விவரங்களுடன் முறையாகத் தாக்கல் செய்வது மூன்றாவது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2013 நடைமுறை வழிகாட்டுதல்படி, உரிய அதிகாரியிடம் கேட்டால் 3 வேலை நாளுக்குள் பதிய வேண்டும், எல்லைப் பொலிஸ் போன்ற வேறு அதிகாரியிடம் கேட்டால் 6 வேலை நாள், பெருந்தொகையானோர் ஒரே நேரத்தில் வந்தால் 10 வேலை நாள். 2024-இல் நிறைவேறிய, குடிபெயர்வு மற்றும் புகலிடம் பற்றிய ஒன்றியத்தின் புதிய ஒப்பந்தச் சட்டங்கள் இதை மாற்றுகின்றன: பதிவுக்கு 5 நாள், தாக்கலுக்கு அதிலிருந்து 21 நாள். 2026 ஜூன் 12-க்கு முன் தாக்கல் செய்த விண்ணப்பங்களுக்குப் பழைய நடைமுறை, பின்னர் தாக்கல் செய்தவற்றுக்குப் புதியது. ஆகவே எந்த அறிக்கையை எடுத்தாலும் அது இந்தத் திகதிக்கு எந்தப் பக்கம் நிற்கிறது என்று முதலில் பாருங்கள்.

இத்தாலியில் விண்ணப்பம் குவெஸ்தூரா எனப்படும் மாகாணப் பொலிஸ் தலைமையகத்தில், சி3 படிவத்தில் பதியப்படுகிறது. தாக்கல் செய்து 60 நாளில் வேலை செய்யலாம். தாராளமான விதிதான். ஆனால் 60 நாள் கணக்குத் தொடங்குவது படிவம் நிரம்பிய பிறகு. முன்பதிவு கிடைக்காமல் மாதக்கணக்கில் அலைபவருக்கும், தங்குமிட முகவரிக்குச் சான்று கொண்டுவா என்று சட்டத்தில் இல்லாத ஒன்றைக் கேட்டுத் திருப்பி அனுப்பப்படுபவருக்கும் கணக்கே தொடங்கவில்லை. அரச தங்குமிடம், சட்டப்படி, கேட்ட நாளிலிருந்தே கிடைக்க வேண்டும். நடைமுறையில் அதுவும் பெரும்பாலும் பதிவுக்குப் பிறகுதான். ஒரு நகரத்து நடைமுறையைக் கொண்டு இத்தாலி முழுவதையும் அளக்கவும் முடியாது, ஒவ்வொரு குவெஸ்தூராவுக்கும் அதனதன் வழக்கம்.

ஸ்பெயினில் இதே சிக்கலுக்குப் பெயர் 'சீத்தா', அதாவது முன்பதிவு. அதைப் பெற்ற பின் நேர்காணலுடன் விண்ணப்பம் தாக்கலாகும்போது அதற்கான சான்றாக 'வெள்ளைத்தாள்' கிடைக்கும். ஒரு மாதத்துக்குள் மறுப்பு வராவிட்டால் விண்ணப்பம் விசாரணைக்கு ஏற்கப்பட்டதாகக் கொள்ளப்படும், பிறகு விண்ணப்பதாரருக்கான 'சிவப்பு அட்டை'. தாக்கலிலிருந்து ஆறு மாதம் கழித்து வேலை செய்யும் உரிமை. "ஸ்பெயினில் ஆறு மாதத்தில் வேலை" என்று எழுதுபவர்கள் முன்பதிவுக்காகக் காத்திருந்த மாதங்களை விட்டுவிடுகிறார்கள். முன்பதிவும் விண்ணப்பமும் இலவசம். ஆனால் முன்பதிவை விற்கும் தரகர்கள் இருக்கிறார்கள், காசு கேட்பவர் யாராக இருந்தாலும் விலகிப் போங்கள். இன்னொரு மாற்றத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்: 2025 மே 20-இல் நடைமுறைக்கு வந்த குடிவரவு ஒழுங்குவிதிகளின்படி, புகலிட விண்ணப்பதாரராக இருந்த காலம் 'அர்ரைகோ' என்ற, அனுமதியின்றிச் சில ஆண்டுகள் அங்கே வாழ்ந்தவருக்கான வேரூன்றல் வதிவிட அனுமதிக்குத் தேவையான ஆண்டுகளில் கணக்கிடப்படுவதில்லை. அதற்கு முன் எழுதிய ஆலோசனைக் குறிப்புகள் பல இதனால் ஆபத்தானவையாகிவிட்டன.

கிரேக்கத்தில் வந்திறங்கும் இடமே பாதையைத் தீர்மானிக்கும். லெஸ்வோஸ், கியோஸ், சாமோஸ், லெரோஸ், கோஸ் தீவுகளில் இறங்குபவர்கள் மூடிய கட்டுப்பாட்டு முகாம்களுக்குள் பதியப்படுகிறார்கள். பெருநிலத்தில் இணையவழி முன்பதிவு எடுத்து, ஏதென்ஸுக்கு வடக்கே மலக்காசாவுக்கோ தெசலோனிக்கி அருகே தியவாத்தாவுக்கோ போக வேண்டும். 2025 ஜூலையில் வட ஆபிரிக்காவிலிருந்து படகில் வருபவர்களின் விண்ணப்பங்களை ஏற்பதை மூன்று மாதத்துக்கு நிறுத்திவைக்கும் சட்டமும் அங்கே நிறைவேறியது. உயிரைப் பணயம் வைத்து வந்தவரிடம் "கேட்கவே முடியாது" என்று ஒரு அரசு சொன்ன அந்த மூன்று மாதத்தை எந்த ஆய்வும் தாண்டிப் போகக் கூடாது.

அடுத்தது எண்கள். எண்களில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். கடல்வழி வந்தவர்களும் புகலிடம் கேட்டவர்களும் ஒரே ஆட்கள் அல்ல. 2024-இல் கனேரித் தீவுகளுக்குப் படகில் வந்தவர்கள் 46,843 பேர். அதே ஆண்டு ஸ்பெயினில் பதிவான விண்ணப்பங்கள் 1,60,000-க்கும் மேல், அவற்றில் பெரும்பகுதி விமானத்தில் வந்த வெனிசுவேலா, கொலம்பியா நாட்டவருடையவை. படகுப் படத்தைப் போட்டு விண்ணப்பத் தொகையை எழுதும் செய்திகளை நம்பி வரைபடம் போட்டால் எல்லாம் பிழைத்துவிடும். எல்லைக் காவல் முகமை ஃபிரொன்டெக்ஸ் தருவது எல்லைக் கடப்புகளின் எண்ணிக்கை, தலைக்கணக்கு அல்ல. ஒருவர் இரண்டு முறை பிடிபட்டால் இரண்டாகவே எண்ணப்படுவார்.

'ஏற்பு விகிதம்' இன்னும் வழுக்கும். ஸ்பெயின் வெனிசுவேலா நாட்டவருக்கு மனிதாபிமான வதிவிட அனுமதி தருகிறது. ஒன்றியத்தின் புள்ளிவிவர அலுவலகமான யூரோஸ்டாட் அதைச் சாதகமான முடிவாகச் சேர்க்கும். ஒன்றியத்தின் புகலிட முகமை கணக்கிடும் விகிதத்தில் அகதி அந்தஸ்தும், அகதி வரையறைக்குள் வராவிட்டாலும் திரும்பினால் கடும் தீங்கு நேரக்கூடியவருக்குத் தரும் துணைநிலைப் பாதுகாப்பும் மட்டுமே. ஒரே நாடு, ஒரே ஆண்டு, இரண்டு முற்றிலும் வேறான விழுக்காடுகள். கிரேக்கத்திலோ, துருக்கி பாதுகாப்பானது என்று சொல்லி வழக்கின் சாரத்தைப் பார்க்காமலே தள்ளிய முடிவுகள் நிராகரிப்பில் சேர்ந்திருக்கின்றனவா என்று கேட்க வேண்டும். ஏற்பு கிடைத்த பின் நடப்பதும் தனியாகப் பார்க்க வேண்டியது: கிரேக்கத்தில் அந்தஸ்து கிடைத்து 30 நாளில் முகாம் இடமும் பணக் கொடுப்பனவும் முடிந்துவிடும். உயர்ந்த ஏற்பு விகிதமுள்ள ஒரு நாட்டிலிருந்து அந்தஸ்துடனேயே ஆட்கள் ஜெர்மனிக்குப் போவது இதனால்தான்.

தமிழர்கள் கட்டாயம் பார்க்க வேண்டியது பாதுகாப்பான பிறப்பிட நாடுகளின் பட்டியல். 2024 அக்டோபரில் இத்தாலி அவசர ஆணையாக வெளியிட்ட 19 நாடுகளின் பட்டியலில் இலங்கை இருக்கிறது. 2025 ஏப்ரலில் ஐரோப்பிய ஆணையம் முன்மொழிந்த ஒன்றியப் பொதுப் பட்டியலில் இந்தியா இருக்கிறது. பட்டியலில் இருந்தால் விண்ணப்பம் தானாக விழுந்துவிடாது. ஆனால் இத்தாலியில் விரைவு நடைமுறை, மேன்முறையீட்டுக்கு 30 நாளுக்குப் பதில் 15 நாள், மேன்முறையீடு செய்தாலே நாடுகடத்தல் நிற்கும் என்ற பாதுகாப்பும் இல்லை. நிறுத்திவைக்கும்படி நீதிமன்றத்திடம் தனியாகக் கேட்க வேண்டும். தனக்கு ஏன் அந்த நாடு பாதுகாப்பில்லை என்பதை விண்ணப்பதாரர் நேர்காணலிலேயே சொந்த ஆதாரத்துடன் சொல்லியாக வேண்டும். 2025 ஆகஸ்ட் 1-இல் ஒன்றிய நீதிமன்றம், இத்தாலியால் அல்பேனியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட பங்களாதேஷ் நாட்டவரின் வழக்கில், ஒரு நாட்டைப் பாதுகாப்பானது என்று சொல்ல அரசு நம்பிய ஆதாரங்களை விண்ணப்பதாரரும் நீதிபதியும் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இலங்கை வழக்குகளை நடத்துபவர்கள் கையில் வைத்திருக்க வேண்டிய தீர்ப்பு இது.

சட்டத்தில் எங்கும் தெரியாமல் கொள்கையைப் புரட்டிப்போடுவது சுற்றறிக்கை. 2022 டிசம்பர் 5-இல் இத்தாலி, தங்குமிடம் இல்லை என்று சொல்லி, எந்த நாடு விண்ணப்பத்தை விசாரிக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் டப்ளின் விதியின் கீழ் திருப்பி அனுப்பப்படுவோரை ஏற்பதைத் தற்காலிகமாக நிறுத்துவதாகப் பிற நாடுகளுக்கு ஒரு கடிதம் எழுதியது. ஒரு வரிச் சட்டமும் மாறவில்லை. ஆனால் இத்தாலியில் கைரேகை கொடுத்துவிட்டு ஜெர்மனியிலோ சுவிஸிலோ இருந்தவர்களின் நிலை மாறியது, ஏனென்றால் டப்ளின் விதியில் ஆறு மாதத்துக்குள் அனுப்பாவிட்டால் பொறுப்பு அவர்கள் இருக்கும் நாட்டுக்கே வந்துவிடும். தலைமறைவானதாகப் பதிவானால் அந்த ஆறு மாதம் பதினெட்டாகும். இதைச் சொல்லாமல் "ஒளிந்திருந்தால் போதும்" என்று சொல்பவர்கள் பெருங்கேடு செய்கிறார்கள்.

இனி அமைப்புகள். நாட்டு நிலவரத்துக்கு முதல் வாசிப்பு, பிரஸ்ஸல்ஸிலுள்ள அகதிகளுக்கான ஐரோப்பிய பேரவை நடத்தும் 'ஐடா' தரவுத்தளம். ஒவ்வொரு நாட்டு அறிக்கையையும் உள்ளூர் அமைப்பே எழுதுகிறது: இத்தாலிக்கு ஆஸ்ஜி, கிரேக்கத்துக்கு கிரேக்க அகதிகள் பேரவை, ஸ்பெயினுக்கு ஆக்செம், போர்த்துகலுக்குப் போர்த்துகீச அகதிகள் பேரவை, மால்டாவுக்கு ஆதித்துஸ், சைப்ரஸுக்கு சைப்ரஸ் அகதிகள் பேரவை. அறிக்கை பொதுவாக முந்தைய ஆண்டின் டிசம்பர் வரையிலான நிலையைச் சொல்லும்.

எழுதுபவர் யார் என்று தெரிந்து வாசிக்க வேண்டும். ஆஸ்ஜி சட்டத்தரணிகளின் சங்கம், வழக்கு நடத்துவது அதன் பலம். ஆக்செம், சேயார், செஞ்சிலுவைச் சங்கம் மூன்றும் ஸ்பெயினில் அரச நிதியில் தங்குமிடங்களை நடத்துகின்றன. அவற்றின் தரவு உள்ளிருந்து வருவதால் செறிவானது. ஆனால் தங்குமிட அமைப்பின் குறைகளை அளக்க, நாடாளுமன்றத்துக்குப் பொறுப்பான மக்கள் குறைகேள் அதிகாரியின் அறிக்கையையும் பக்கத்தில் வையுங்கள். கிரேக்கத்தின் குறைகேள் அதிகாரியும் அப்படித்தான் முக்கியமானவர், 2023 ஜூன் 14 பைலோஸ் படகு மூழ்கல் குறித்துத் தனி விசாரணை நடத்தியது அந்த அலுவலகம். கிரேக்கத்தில் அகதிகளுடன் பணியாற்றும் அமைப்புகள் 2020 முதல் அரச பதிவேட்டில் கடுமையான நிபந்தனைகளுடன் பதிய வேண்டியிருக்கிறது. பதிவேட்டில் பெயர் இல்லாததால் ஒரு சிறிய அமைப்பைப் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

உதவி தேடுபவருக்காகத் தொகுக்கிறீர்கள் என்றால் அமைப்பின் பெயரைவிட அது செய்யும் வேலை முக்கியம். ரோமில் சென்ட்ரோ அஸ்தல்லி சாப்பாடும் சட்ட உதவியும் தரும். இத்தாலி முழுவதும் எங்கே எந்தச் சேவை என்று காட்டுவது ஐ.நா. அகதிகள் உயர்ஸ்தானிகராலயமும் ஆர்ச்சி என்ற இத்தாலியச் சமூக அமைப்பும் நடத்தும் 'ஜூமா' வரைபடம். ஏஜியன் தீவுகளில் வழக்குக்கு ரெஃப்யூஜி சப்போர்ட் ஏஜியன், மொழிபெயர்ப்பாளருக்கு மெத்தாத்ராசி. உயர்ஸ்தானிகராலயம் இந்த நாடுகளில் அகதி அந்தஸ்து தருவதில்லை, அங்கே போய் வரிசையில் நின்று நாளை இழக்க வேண்டாம்.

அமைப்புகளுக்கு எழுதும்போது அந்த நாட்டு மொழியிலேயே, ஐந்தாறு வரியில், ஒரே ஒரு கேள்வியுடன் எழுதுங்கள். ஆகஸ்டில் பல அலுவலகங்கள் மூடியிருக்கும். "உங்கள் நகரத்தில் இன்று முன்பதிவு கேட்பவருக்கு எத்தனை வாரத்தில் கிடைக்கிறது, கிடைக்கும்வரை அவர் கையில் என்ன தாள் இருக்கும்?" என்று கேளுங்கள். பதிலுடன் திகதியையும் நகரத்தின் பெயரையும் சேர்த்துக் குறித்துவையுங்கள், மூன்று மாதம் கழித்து அதே கேள்வியை மறுபடி அனுப்புங்கள்.