காட்டுமன்னாருக்கு 24 வருஷப் பாக்கி

அண்ணன் பட்டாளத்தில் சேர்ந்தபோது அம்மா காட்டுமன்னார்கோயில் வீரநாராயணப் பெருமாளிடம் வேண்டிக்கொண்டாள். "பிள்ளை முழுசாக வீடு திரும்பினால் உன் முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறேன்." 24 வருஷம் கழித்து, ஹவில்தாராக ஓய்வு பெற்று வந்து சேர்ந்தான். இந்த ஆனி அனுஷத்தன்று பாக்கியைத் தீர்த்தோம்.

சேத்தியாத்தோப்பு தாண்டியதுமே வீராணம் ஏரிக்கரை. அண்ணன் வண்டியை நிறுத்தச் சொன்னான். பராந்தக சோழன் மகன் ராஜாதித்தன், படையெடுப்பை எதிர்பார்த்து இந்தப் பக்கம் தங்கியிருந்தபோது, சும்மா இருந்த வீரர்களை வைத்து வெட்டிய ஏரி என்று ஊரில் சொல்வார்கள். அப்பன் 'மதுரையும் ஈழமும் கொண்ட' சோழன். பிள்ளையோ 949-இல் தக்கோலத்தில் யானை மேலேயே உயிரை விட்டான், சோழர் படையும் தோற்றது. அவன் படை வெட்டிய ஏரி மட்டும் இன்றைக்கும் வயலுக்குப் பாய்கிறது, சென்னைக்குக் குடிதண்ணீராகவும் போகிறது. அண்ணன் கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். "எல்லையில மாசக்கணக்கா காத்துக் கிடந்தப்போ நாங்க சீட்டுதாம்மா ஆடினோம்" என்றான்.

ஆழ்வார் பாசுரங்களைத் தேடித் தொகுத்த வைணவ ஆசாரியர் நாதமுனிகளின் திருநட்சத்திரம், அதாவது பிறந்த நட்சத்திர நாள்; கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும்! வண்டி நிறுத்த ஒருவர் 100 ரூபாய் கேட்டார். ரசீது என்றதும் 50 ஆனது. இன்னொருவர் சீக்கிரமாகத் தரிசனம் செய்துவைப்பதாக அம்மாவின் கையைப் பிடித்தே இழுத்தார். பிரகாரத்துக் கல் வேறு காலைப் பொசுக்கியது. முழங்கால் வலியோடு அம்மா ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. நான்தான் இரண்டு பேர் பங்குக்கும் முணுமுணுத்தேன்.

உள்ளே பாசுரம் ஓதும் கோஷ்டியில், நம்மாழ்வார் மேல் மதுரகவியாழ்வார் பாடிய 'கண்ணிநுண்சிறுத்தாம்பு' நடந்துகொண்டிருந்தது. நம்மாழ்வாரின் 'ஆராவமுதே' பத்துப் பாட்டைக் காதில் கேட்டுவிட்டு, மிச்சத்தைத் தேடி அவர் ஊரான குருகூர் வரை போய், இந்தப் பதினொரு பாசுரத்தை 12,000 முறை சொல்லியல்லவா நாலாயிரத் திவ்யப் பிரபந்தத்தையும் நமக்கு வாங்கி வந்தார் அந்த மகான் நாதமுனிகள்! ஒரு வாள் உருவப்பட்டதா? அவர் பேரனோ, அரசவையில் வாதத்திலேயே பாதி ராஜ்ஜியத்தை ஜெயித்து ஆளவந்தார் என்று பெயர் பெற்றவர். நாதமுனிகளின் சீடர் வழியில் வந்த மணக்கால் நம்பி கொண்டுவந்து கொடுத்த தூதுவளைக் கீரைக்கு வசப்பட்டு, அந்த ராஜ்ஜியத்தையும் உதறிவிட்டு அரங்கனிடம் போய்விட்டார். இருவரும் பிறந்த மண் இது.

திரை விலகியது. விளக்கொளியில் பெருமாள் முகம். பக்கத்தில் பார்த்தால் அண்ணன் கைகளை முஷ்டியாக மடக்கி, குதிகால் சேர்த்து, அட்டென்ஷனில் நிற்கிறான்! "கையைக் கூப்புடா" என்று அம்மா முழங்கையில் தட்டினாள். கூப்பினான். சடாரி தலையில் பட்டதும் அவன் உதடு நடுங்கியது. எத்தனையோ பேருடைய சவப்பெட்டியைத் தோளில் சுமந்தவன், வீட்டில் ஒருநாளும் அழுததில்லை. அங்கே அழுதான். நாங்களும் அழுதோம். துளசி மாலை சாத்தச் சொல்லிக் கொடுத்தோமா, அர்ச்சனைக்குப் பெயர் சொன்னோமா, எதுவும் நினைவில்லை. என் அப்பனே, எங்கள் பிள்ளையைத் திருப்பிக் கொடுத்தாயே, அது போதும்.

வெளியே வந்து புளியோதரை சாப்பிடும்போதுதான் அண்ணன் மெதுவாகச் சொன்னான், அவன் மகனுக்கும் பட்டாளம்தான் ஆசையாம். அம்மா கையைக் கழுவிவிட்டு நேரே கோபுர வாசலுக்குப் போய்த் திரும்பவும் நின்றாள். என்ன வேண்டிக்கொண்டாள் என்று இதுவரை சொல்லவில்லை.