சோளகத்துக்கு எதிரே இருபது கிலோமீற்றர்

யாழ்ப்பாணத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் புறப்பட்ட தனியார் பேருந்தின் நடத்துநர், என் சைக்கிளின் முன்சில்லைக் கழற்றிப் பின்வாசலோரம் சாய்த்துக் கட்டி முடித்த பிறகுதான், அதற்குத் தனியாக 1,000 ரூபா தரவேண்டும் என்று சொன்னார். ஏற்றுவதற்கு முன்பு நான் கேட்டபோது "ஏத்துங்கோ, பாப்பம்" என்றவரும் அவரேதான். என் ஆசனத்துக்குக் கொடுத்ததைப் போல் இரு மடங்குக்கு மேற்பட்ட அந்தத் தொகையைக் கொடுத்ததுகூட எனக்குப் பெரிதில்லை; பரந்தனில் ஏறிய இரண்டு வெங்காய மூட்டைகளை அதே சைக்கிளின் மீது அவர் சாய்த்ததைத்தான் இன்னும் மன்னிக்க முடியவில்லை. முல்லைத்தீவில் இறக்கியபோது பின்சில்லின் கம்பியொன்று வளைந்து, சில்லு ஆடியது. அதை நேராக்க 600 ரூபாவும், கடைக்காரர் மதியச் சாப்பாட்டிலிருந்து திரும்பும் வரை ஒன்றரை மணித்தியாலமும் போயின. பயணக் கட்டுரையை முதலில் பாதை, அடுத்து தங்குமிடம், கடைசியில் செலவு என்று ஒழுங்காக எழுதவே எண்ணியிருந்தேன். அந்த நடத்துநரை நினைத்தவுடன் ஒழுங்கு குலைந்துவிட்டது.

நான் போனது ட்ரையத்லன் ஓடுவதற்காக. நீந்தி, சைக்கிள் மிதித்து, பிறகு ஓடி, மூன்றையும் இடைவிடாமல் முடிக்கும் போட்டி அது. 2000ஆம் ஆண்டு சிட்னியில் முதன்முறையாக ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டபோது இருந்த அளவே இன்றும் ஒலிம்பிக் தூரம் எனப்படுகிறது: 1.5 கிலோமீற்றர் நீச்சல், 40 கிலோமீற்றர் சைக்கிள், 10 கிலோமீற்றர் ஓட்டம். எங்களுடையதில் பதாகையும் இல்லை, பதக்கமும் இல்லை. வன்னியில் வேலை பார்க்கும் நண்பர்கள் சிலர், படகுக்கான எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் வாழைப்பழத்துக்குமாகத் தலைக்கு 3,000 ரூபா சேர்த்து, பதினொரு பேரைக் கூட்டி நடத்திய போட்டி அது.

எங்கே நீந்துவது என்பதில்தான் ஒரு மாதமாக வாக்குவாதம் நடந்தது. வன்னியில் குளத்துக்கா பஞ்சம் என்று கேட்கலாம். முத்தையன்கட்டு, தண்ணிமுறிப்பு, வவுனிக்குளம், இரணைமடு என்று பெயர்களை அடுக்கிக்கொண்டே போகலாம். ஆனால் முதலையும் அவற்றோடு சேர்ந்தே வரும். ஆடியில் சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறந்துவிட்டிருப்பதால் குளங்கள் வற்றத் தொடங்கி, முதலைகளும் மிஞ்சிய ஆழத்துக்குள் ஒதுங்கிவிடும். நந்திக்கடலோ நீந்துவதற்கு ஆழம் போதாத களப்பு. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் சென் நதியின் நீர் அசுத்தமாக இருந்ததால் ஆண்களுக்கான ட்ரையத்லனை ஒரு நாள் தள்ளிவைத்தார்கள். முதலையையோ எத்தனை நாள் தள்ளிவைத்தாலும் அது அங்கேயேதான் இருக்கும். ஆகவே கடல் என்று முடிவாயிற்று. கரைவலைக்காரர் வலை போட்டு இழுக்கும் இடங்களான பாடுகளைக் கேட்டறிந்து, வலை போகாத ஒரு துண்டுக் கரையில், வெற்றுக் கான்களை மணல் மூட்டைகளோடு கட்டி மிதக்கவிட்டோம்.

எனக்குக் கடலில் பழக்கம் குறைவு. கீரிமலைக் கேணியிலும் கசூரினாவின் இடுப்பளவுத் தண்ணீரிலும் நீந்திப் பழகியவன் நான். முதல்நாள் மாலை, கரையில் வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்த ஓர் ஐயாவிடம், கடல் இவ்வளவு அமைதியாகக் கிடக்கிறதே என்று மகிழ்ச்சியோடு சொன்னேன். அவர் தலை நிமிராமலே, "சோளகத்துக்குக் கடல் குளம் மாதிரித்தான் கிடக்கும் தம்பி. ஆனால் ஆளை வெளியாலை தள்ளிப்போடும். கரையைப் பாத்துப் பாத்து நீந்துங்கோ" என்றார். இந்தக் கரை வடகிழக்கைப் பார்த்திருப்பதால், தென்மேற்கிலிருந்து வீசும் சோளகம் தரையைத் தாண்டி முதுகுப்பக்கமாக வந்து கடலுக்குள் இறங்குகிறது. கரையோரத்தில் அலை எழாததற்கும், மிதப்பவை எல்லாம் வெளியே போவதற்கும் காரணம் ஒன்றேதான். இணையத்தில் பணம் கட்டிப் பெற்ற என் பயிற்சித் திட்டத்தில் இது இல்லை.

அறைக்கு 4,000 ரூபா. குளிரூட்டியைப் போட்டால் இன்னும் 1,500 என்றார்கள், போடவில்லை. இடியப்பமும் சொதியும் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, நுளம்போடு போராடி, மூன்று மணித்தியாலம் தூங்கியிருப்பேன்.

காலை 6 மணிக்கு இறங்கினோம். முதல் இருநூறு மீற்றரில் மூச்சு பிடிபடவில்லை. அதன் பிறகு பிடிபட்டது. கரையில் நீலத் தகரக் கூரை போட்ட மீன்வாடி ஒன்றை அடையாளமாக வைத்துக்கொண்டு, ஆறு கைவீச்சுக்கு ஒருமுறை தலையை நிமிர்த்திப் பார்த்தேன். ஒருமுறை பார்க்கத் தவறிவிட்டு, அடுத்த முறை பார்த்தபோது வாடி தீப்பெட்டியளவாகச் சிறுத்திருந்தது. ஐயா சொன்ன தள்ளல் இதுதான் என்று விளங்கியது. படகிலிருந்தவர்கள் கூவிக் கையைக் காட்ட, கரைப்பக்கம் சாய்ந்தே மீதியை நீந்தினேன். 41 நிமிடங்கள் எடுத்தன. சொறிமுட்டை என்ற ஜெல்லிமீன் ஒன்று முழங்கையை உரசிச் சென்ற எரிவு இன்னும் சிவப்பாகத் தெரிகிறது. கடலுக்குத்தான் நான் மிகவும் பயந்திருந்தேன்; அது முடிந்ததும் போட்டியே முடிந்துவிட்டது போன்றதொரு மடத்தனமான உற்சாகம் என்னைப் பிடித்துக்கொண்டது.

தலைக்கவசத்தின் பட்டியைப் பூட்டாமல் சைக்கிளைத் தொடக்கூடாது என்பது இவ்விளையாட்டின் விதி. நான் பட்டியைப் பூட்டிவிட்டுக் காலுறையைத் தேடி, விரலிடுக்கு மணலைத் துடைத்து, நான்கு நிமிடங்களை வீணாக்கினேன். பாதை மாங்குளம் வீதி வழியாக ஒட்டுசுட்டான் நோக்கி 20 கிலோமீற்றர், பிறகு அதே வழியால் திரும்புதல். முள்ளியவளை வரை மரமும் மதிலும் காற்றை மறைத்தன. அதைத் தாண்டி வெளியும் பற்றைக்காடும் தொடங்கிய இடத்தில் சோளகம் நேரே நெஞ்சில் கையை வைத்துத் தள்ளியது. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப ஏறும் என்று பள்ளிக்கூடத்தில் மனனம் செய்த வரியை, தொடைகள் அன்றுதான் படித்தன. வேகமானி 17ஐக் காட்டியது. ஒலிம்பிக்கின் முன்னணி வீரர்கள் கூட்டமாக ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டிச் சென்று காற்றை மறைத்துக்கொள்ளலாம். எங்களைப் போன்றவர்களுக்கு உலகெங்கும் பெரும்பாலும் அந்தச் சலுகை கிடையாது, எங்கள் நண்பர்களும் அந்த விதியைத்தான் கடைப்பிடித்தார்கள். மேலேயிருந்து பார்த்தால், பதினொரு பைத்தியங்கள் இடைவெளி விட்டு ஒரே காற்றோடு தனித்தனியே சண்டை பிடிப்பது தெரிந்திருக்கும்.

பன்னிரண்டாவது கிலோமீற்றரில் என்னை ஒருவன் முந்தினான். முள்ளியவளைப் பையன், மட்காட் பூட்டிய, கியர் இல்லாத லுமாலா சைக்கிள். மூக்கு ஹாண்டிலில் முட்டும் அளவுக்குக் குனிந்து, ஒரே சீராக மிதித்துக்கொண்டு போனான். குனிந்து மிதிப்பதற்கென்றே நான் 18,000 ரூபா கொடுத்துப் பழைய கைதாங்கி ஒன்றை வாங்கிப் பூட்டியிருந்தேன் என்பதை இங்கே எழுதக் கூச்சமாக இருக்கிறது. மாடுகள் வீதியின் நடுவே படுத்திருந்த இரண்டு இடங்களில் அவன் "ஹேய்" என்று அதட்ட, அவை எழும்பின. நான் அதட்டியபோது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

திரும்பும் இடத்தை அடைய 58 நிமிடங்கள் ஆயின. தொடக்கத்திலிருந்து கணக்கிட்டால் 1 மணி 43 நிமிடம். பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரித்தானிய வீரர் அலெக்ஸ் யீ மூன்றையும் முடித்துத் தங்கம் பெற்ற நேரம் 1 மணி 43 நிமிடம் 33 செக்கன். அவர் வெற்றிக்கோட்டைத் தாண்டிய அதே கணக்கில், நான் ஒரு பாலை மரத்தடியில் தேசிக்காய்ச் சாறும் உப்பும் சீனியும் கலந்த தண்ணீரை மடமடவென்று குடித்துக்கொண்டிருந்தேன். ஆனால் திரும்பிய பயணம் வேறு உலகம். முதுகில் காற்று, மிதிக்காமலே சில்லு பாடியது. லுமாலாவுக்கு இருந்தது ஒரே பல்லுச்சில்லு ஆகையால், பையனின் கால்கள் எவ்வளவு சுழன்றும் வேகம் ஏறவில்லை. தண்ணீரூற்றுக்கு முன்பே அவனைத் தாண்டினேன். 20 கிலோமீற்றரை 40 நிமிடங்களில் முடித்த அந்தச் சந்தோசத்துக்காகவே இன்னொரு முறை அந்த நடத்துநருக்கு 1,000 ரூபா கொடுக்கலாம்.

ஓட்டம் வட்டுவாகல் பக்கமாக. சைக்கிளை விட்டிறங்கியவனின் கால்கள் கொஞ்ச நேரத்துக்கு அவனுடையவை அல்ல; இரண்டு உலக்கைகளைத் தூக்கித் தூக்கி வைப்பது போலிருந்தது. எட்டரை மணிக்கே தார் கொதித்தது. பையன் வெறுங்காலோடு என்னை மறுபடியும் முந்தினான். நண்பர்கள் திருப்பத்தைப் பாலத்தின் முகப்பிலேயே வைத்திருந்தார்கள். 2009 மே மாதத்தில் அத்தனை சனம் கடந்துபோன பாலத்தில் நேரம் பார்த்து ஓட யாருக்கும் மனம் வரவில்லை. அங்கே வேலியோரம் நின்ற ஓர் அம்மா என்னை மறித்து, செம்பில் மோரை நீட்டினார்.

"என்னத்துக்குத் தம்பி இந்த ஓட்டம் ஓடுறாய்? ஆரும் கலைக்கினமோ?"

இல்லையம்மா, சும்மாதான் என்றேன். அவர் என்னையும் என் சப்பாத்தையும் பார்த்துவிட்டு, "சும்மாவோ" என்று மட்டும் சொன்னார். மிகுதி ஐந்து கிலோமீற்றரில் பாதியை நடந்தேன்.

மொத்தம் 3 மணி 44 நிமிடம். பதினொரு பேரில் ஏழாமிடம். இருவர் இடையில் விலகிவிட்டதால் அது ஒன்பது பேரில் ஏழாமிடம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அதன் பிறகு கிடைத்த சாப்பாட்டைப் பற்றி எழுதாவிட்டால் இந்தப் பயணமே பொய். கடற்கரையை அண்டிய வீடொன்றின் முன்விறாந்தையில் சிவப்பரிசிச் சோறு, முருங்கையிலை போட்ட நண்டுக் கறி, சுறா வறை, சொதி. ஓட்டை உடைத்து உறிஞ்சிய சத்தத்தைத் தவிர அரை மணித்தியாலம் அங்கே பேச்சில்லை. மூன்று முறை சோறு போட்டுவிட்டு 900 ரூபாதான் வாங்கினார்கள். 15,000 ரூபாவுக்குள் முடிக்க நினைத்த பயணம் 18,400இல் முடிந்தது. அதில் ஒரு சதமும் இந்த வீட்டால் கூடியதல்ல.

திரும்பும்போது பேருந்தின் பக்கமே போகவில்லை. யாழ்ப்பாணத்துக்கு மீன் ஏற்றிச் சென்ற கூலர் வாகனமொன்றில், ஐஸ் பெட்டிகளுக்கு இடையில் சைக்கிளைச் செருகி, சாரதியின் பக்கத்தில் இலவசமாக வந்து சேர்ந்தேன். சைக்கிளைச் சவர்க்காரம் போட்டு மூன்று முறை கழுவியாயிற்று. இருந்தும், அயல்வீட்டுப் பூனைகள் இரண்டு காலையிலிருந்து எங்கள் விறாந்தையில் அதைச் சுற்றிச் சுற்றி வருகின்றன.