படுவான்கரை ஆலைக்கு ஒரு விலை

2023 ஆகஸ்டில், சிறுபோக அறுவடை நேரம், மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரைக்கு, வலையிறவுப் பாலத்தைக் கடந்து ஒரு நெல் ஆலைக்குப் போனேன். பங்காளிகள் இருவர். மூத்தவர் வெளிநாட்டில் இருக்கும் மகனோடு போய் இருக்கப் போகிறார். தன் பாதிப் பங்கை இளையவருக்கே கொடுக்க விருப்பம். சண்டை சச்சரவு எதுவும் இல்லை. விலைதான் தெரியவில்லை. அதைக் கணித்துச் சொல்லத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

முதலில் ஐந்தொகையை, அதாவது சொத்தும் கடனும் எழுதிய கணக்கைப் பார்த்தேன். சொத்தைக் கூட்டிக் கடனைக் கழித்தால் யாருக்கும் விளங்கும். ஆனால் பழசாவதற்கென்று வருடாவருடம் பெறுமானத் தேய்வு கழித்ததில் இயந்திரங்கள் கணக்கில் சைபர். அந்தச் சைபர்தான் என் முதுகுக்குப் பின்னால் இரைந்துகொண்டு அரிசி தீட்டியது. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டியபின் அதே இயந்திரத்தைப் புதிதாக இறக்குவதென்றால் முன்பு வாங்கிய விலையை நினைத்தும் பார்க்க முடியாது. எனவே இன்றைய விலையை எடுத்து, உழைத்த காலத்துக்குக் குறைத்துப் போட்டேன். காணியின் உறுதியோ மூத்தவரின் மகள் பெயரில் இருந்தது, சீதனம். எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்குப் போவது வழமைதானே. காணியைச் சொத்திலிருந்து எடுத்துவிட்டு, மகளுக்குரிய வாடகையைச் செலவில் சேர்த்தேன்.

அக்கம்பக்கத்தில் விற்ற ஆலைகளோடு ஒப்பிடலாம் என்றால், உறுதியில் எழுதிய தொகையை நம்பி எதையும் சொல்ல முடியாது. அதை விட்டுவிட்டேன்.

அப்புறம் வருமானம். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தியதால் அடுத்த பெரும்போகத்தில் விளைச்சல் விழுந்தது, அரிசி விலை ஏறியது. களஞ்சியத்தில் நெல் வைத்திருந்த இந்த ஆலைக்கு 2022இல் இலாபம் 60 இலட்சம். (அடையாளம் தெரியாதிருக்கத் தொகைகளை மாற்றியிருக்கிறேன்.) அது அந்த ஒரு வருடத்தின் காசு, ஆலையின் உழைப்பென்று அதைக் கொள்ளக்கூடாது. அதை ஒதுக்கி, இருவரும் எடுக்காமல் விட்ட சம்பளத்தையும் கழித்தபோது வழமையான இலாபம் 30 இலட்சத்தில் நின்றது.

ஆலையில் போடும் காசு வருடத்துக்கு எத்தனை வீதம் உழைக்கவேண்டும் என்று வைத்து, இலாபத்தை அதால் வகுத்தால் விலை வரும். எந்த வீதத்தால் வகுப்பது? 2022 இறுதியில், அரசு குறுங்காலத்துக்குக் கடன் வாங்கும் திறைசேரி உண்டியலின் வட்டியே 30 சதவீதத்தை ஒட்டி நின்றது. அந்த வீதத்தில் ஆலை 1 கோடி. 20 சதவீதம் என்றால் 1 கோடி 50 இலட்சம். நெருக்கடிக் காலத்து வட்டியைக் காலமெல்லாம் இருக்குமென்று வைப்பது மூத்தவருக்குச் செய்யும் அநியாயம். 2023 ஜூனில் மத்திய வங்கி கொள்கை வட்டியை 2.5 சதவீதப் புள்ளி இறக்கியும் இருந்தது. 25 போட்டேன். 1 கோடி 20 இலட்சம் வந்தது, பாதிப் பங்குக்கு 60 இலட்சம்.

அறிக்கையை முடித்திருப்பேன். அந்த நேரம் ஒரு உழவு இயந்திரம் நெல்லோடு வந்தது. மூத்தவர் மூடையிலிருந்து ஒரு மணியை எடுத்துப் பல்லில் கடித்தார். "பதினைஞ்சு இருக்கும் மனே, ஒரு வெயில் காட்டணும்." ஈரமானியை வைத்தோம்: ஈரம் 15.2 சதவீதம். களஞ்சியத்துக்கு 14தான் ஆகும். பிறகு மேசை லாச்சியிலிருந்து பென்சிலால் எழுதிய ஒரு கடன் கொப்பியை எடுத்தார். விதைப்புக்கு முன் அவர் கொடுத்த முற்பணமெல்லாம் அதில். பெயர்களுக்குப் பதில் "குளத்தடி", "வம்மியடி", "சின்னவன்ட மருமகன்". யார் எந்தப் போகத்தில் தருவார், யாரை வெள்ளம் வந்தால் கேட்கக்கூடாது என்பதெல்லாம் அவர் மனதில்தான் இருந்தது. நல்ல நெல் இந்த ஆலைக்கு வருவதே அந்தக் கொப்பியால்தான்.

நன்மதிப்பு என்று, அதாவது சொத்தின் பெறுமதிக்கு மேல் ஆலையின் பெயருக்கென்று, நான் கணக்கில் எழுதியதில் பெரும்பங்கு ஆலைக்குரியதல்ல, அந்த மனிதருக்குரியது. அவர் விமானம் ஏறினால் அதுவும் கூடப் போய்விடும். இருவரையும் இருத்திவைத்து இதைச் சொன்னேன். மூத்தவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. கடைசியில் 35 இலட்சம் உடனே, மிச்சம் இரண்டு போகத்தில், முற்பணக்காரர் நெல்லைக் கொண்டுவரும் அளவுக்கு என்று முடிவானது. வரும் பெரும்போகம் முடியும்வரை தான் நிற்பதாக அவரே சொன்னார்.

பெப்ரவரியில் திரும்பப் போனேன். கொப்பி இளையவரின் மடியில் இருந்தது. பெயர்களைப் பேனையால் முழுதாக எழுதியிருந்தார். ஒரு விவசாயி வந்து வழமைபோல மூத்தவரிடம் விலை கேட்டார். "இனித் தம்பியிட்டக் கேளுங்க" என்றார் அவர். விவசாயி இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு மூடையைத் தராசில் இறக்கினார்.