பழைய ஸ்கூபா முக்குளிப்புச் சாமான் விற்கிறீர்களா? முதலில் பாலிஷைக் கீழே வையுங்கள்

பித்தளையைத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கி, மங்கிய லேபிளைச் சுரண்டி எடுத்துவிட்டு, "நல்ல கண்டிஷன்" என்று படம் போடுகிறார்கள். பார்க்கும்போதே வயிறு எரிகிறது. சேகரிப்பாளர் காசு கொடுப்பதே அந்த லேபிளுக்கும் அசல் முலாமுக்கும் வரிசை எண்ணுக்கும்தான்!

கூஸ்டோவும் எமில் காக்னானும் 1943-ல் உருவாக்கிய அக்வாலங் என்ற நீரடி மூச்சுக் கருவியின் வழியில் வந்த இரட்டைக் குழாய் ரெகுலேட்டர்களுக்கு (சிலிண்டர் காற்றை மூச்சுக்கு ஏற்ற அழுத்தத்தில் தருபவை) எப்போதும் மவுசு உண்டு. அந்த வகையைச் சேர்ந்த ராயல் அக்வா மாஸ்டர் மாடலைப் பழுதுபார்த்து இன்றும் அதைப் போட்டுக்கொண்டு கடலில் இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் ரப்பர் குழாய் வெடித்திருந்தால் கவலை வேண்டாம், மாற்றுக் குழாய் கிடைக்கும். வட்டமான உலோகக் கூடு நசுங்கியோ அரித்தோ போயிருந்தால்தான் விலை இறங்கும்.

அமெரிக்கக் கடற்படையின் மார்க் 5 முக்குளிப்புச் செம்புத் தலைக்கவசம் என்றால், தலைப்பகுதியிலும் மார்புத் தகட்டிலும் ஒரே எண் இருக்கிறதா என்று பாருங்கள். அலங்காரத்துக்குச் செய்த நகல்கள் ஏராளம். எண் பொருந்தாவிட்டால் அதைச் சொல்லித்தான் விற்க வேண்டும், இதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை.

விலை தெரிய வேண்டுமா? மற்றவர்கள் கேட்கும் விலையை விடுங்கள், விற்று முடிந்த ஏலங்களைப் பாருங்கள்.

பழைய சிலிண்டரில் மட்டும் விளையாட்டு வேண்டாம். 6351 அலுமினியக் கலவையில் செய்தவற்றின் கழுத்தில் விரிசல் விட்டு, நிரப்பும்போதே வெடித்ததுண்டு. காற்றை மெதுவாகத் திறந்துவிட்டு, முழுக்கக் காலியான பிறகு வால்வைக் கழற்றி, காட்சிப் பொருளாக மட்டும் விற்றுவிடுங்கள்.