புது லேன் கார்டைப் போட்டதும் பழையதும் சேர்ந்து காணாமல் போனால்

லினக்ஸ் ஓடும் கணினியில் இரண்டாவது லேன் கார்டு போட்டு அது காட்டவில்லை என்றால் எல்லோரும் முதலில் கை வைப்பது கார்டின் மேல்தான். கழற்றுவது, பின்னைத் துடைப்பது, ஸ்லாட் மாற்றிப் பார்ப்பது, அதுவும் சரிவரவில்லை என்றால் கடைக்கே திரும்பக் கொண்டுபோய் வேறு பீஸ் கேட்பது. நான் பார்த்த வரையில் கார்டு நிஜமாகவே செத்துப்போயிருப்பது அபூர்வம். கார்டு நன்றாக இருக்கும், கெர்னலும் (லினக்ஸின் மையப் பகுதி) அதைப் பார்த்திருக்கும், நடுவில் எங்கோ ஒரு படியில் விஷயம் நின்றிருக்கும். எந்தப் படியில் என்று கண்டுபிடிக்காமல் ஸ்க்ரூடிரைவரை எடுப்பது வீண் அலைச்சல்.

சமீபத்தில் சித்தப்பா பையனுக்கு இதே கதை. அவன் ஒரு சின்ன பிரிண்டிங் ஆபீஸ் வைத்திருக்கிறான். அங்கே ஃபைல் சர்வராக ஒரு பழைய டெஸ்க்டாப், இன்டெல் எச்61 மதர்போர்டு, டெபியன் 12 என்ற லினக்ஸ். அதையே ரூட்டராகவும் ஆக்கிவிடலாம் என்று முடிவு செய்தோம். ஃபைபர் லைன் ஒரு கார்டில் வரும், உள்ளே இருக்கிற சிஸ்டங்களை இணைக்கிற நெட்வொர்க் சுவிட்ச் இன்னொரு கார்டில் இருக்கும். மதர்போர்டில் ஏற்கெனவே இருப்பது ரியல்டெக் 8111 சிப். புதிதாக வாங்கியது 8125 சிப் உள்ள 2.5 ஜிபிபிஎஸ் கார்டு. கார்டைப் போட்ட அன்று சாயங்காலமே போன்.

"அண்ணே, புது கார்டு காட்டவே மாட்டேங்குது. அதுகூடப் பரவாயில்ல, அதைப் போட்டதும் பழசும் போயிடுது. கழட்டினா பழசு திரும்ப வந்துடுது."

பக்கத்துக் கடையில் கேட்டதற்கு எஸ்எம்பிஎஸ் (கணினிக்குக் கரண்ட் கொடுக்கிற பெட்டி) லோடு தாங்கவில்லை, மாற்றுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, போட்டால் இரண்டும் போகிறது, எடுத்தால் ஒன்று வருகிறது, கரண்ட் பற்றவில்லை என்றுதானே தோன்றும்? ஆனால் ஒரு லேன் கார்டு இழுப்பது சில வாட்தான். அதற்கே எஸ்எம்பிஎஸ் படுத்துவிடும் என்றால் அந்த மிஷின் பூட் ஆகி டெஸ்க்டாப் வரைக்கும் வந்திருக்காது. அதனால், "எதையும் வாங்காதே, கார்டை அப்படியே உள்ளே வைத்துவிட்டு மானிட்டர் முன்னால் உட்கார், நான் வருகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

நெட் இல்லாத மிஷினில் முதலில் அடிக்க வேண்டிய கட்டளை எல்எஸ்பிசிஐ, கூடவே என், என், கே என்ற மூன்று எழுத்துகளையும் சேர்த்து. நிறைய பேர் நேராக ஐஎஃப்கான்ஃபிக் அடித்துவிட்டுக் கார்டு இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஐஎஃப்கான்ஃபிக் சும்மா அடித்தால் அப் நிலையில் இருக்கிற இன்டர்ஃபேஸை மட்டும்தான் காட்டும், டவுன் ஆகியிருப்பதைக் காட்டாது. ஐபி லிங்க் என்று அடித்தால் இரண்டையும் காட்டும், அது தேவலாம். ஆனால் அதுவும் டிரைவர் (கார்டை ஓட்டுகிற மென்பொருள்) ஏறிய கார்டைத்தான் காட்டும். டிரைவருக்கும் முன்னால், மதர்போர்டின் பிசிஐ பஸ்ஸில் கார்டு உட்கார்ந்திருக்கிறதா என்று சொல்வது எல்எஸ்பிசிஐ ஒன்றுதான். (யுஎஸ்பி-யில் செருகுகிற அடாப்டர் என்றால் எல்எஸ்யுஎஸ்பி.)

அங்கே இரண்டு கார்டும் இருந்தன. முகவரி 02:00.0 என்ற வரியில் 10இசி:8125. அது புது கார்டு, 10இசி என்பது ரியல்டெக்கின் எண். 03:00.0 என்ற வரியில் 10இசி:8168, மதர்போர்டில் இருப்பது (8111 சிப் இந்த எண்ணில்தான் தெரியும்). ஆக கார்டும் உயிரோடு இருக்கிறது, ஸ்லாட்டும் நன்றாக இருக்கிறது, எஸ்எம்பிஎஸ்ஸும் நன்றாக இருக்கிறது.

இந்த இடத்தில் கார்டே வரவில்லை என்றால்தான் கேபினெட்டைத் திறப்பதில் அர்த்தம் உண்டு. அப்போதும் முதலில் மதர்போர்டு மேனுவலைப் பாருங்கள். இப்போது வருகிற சில போர்டுகளில் எம்.2 எஸ்எஸ்டி போட்டால் ஏதோ ஒரு பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் அணைந்துவிடும், இரண்டும் ஒரே பிசிஐ பாதைகளைப் பங்கு போட்டுக்கொள்வதால். மேனுவலில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பாகத்தான் இது இருக்கும். பயாஸிலும் ஸ்லாட்டை அணைக்கிற ஆப்ஷன் இருக்கலாம். சின்ன எக்ஸ்1 கார்டைப் பெரிய எக்ஸ்16 ஸ்லாட்டில் போட்டாலும் ஓடும், பயப்பட வேண்டாம்.

சரி, நம்ம விஷயத்துக்கு வருவோம். அந்தக் கட்டளையின் கடைசி எழுத்தான கே எதற்கு என்றால், ஒவ்வொரு கார்டுக்குக் கீழேயும் டிரைவர் விவரத்தைக் காட்டுவதற்கு. மதர்போர்டு கார்டுக்குக் கீழே இரண்டு வரி இருந்தது: பயன்பாட்டில் உள்ள டிரைவர் ஆர்8168 என்று ஒன்று, பொருந்தக்கூடிய மாட்யூல்கள் (தேவைப்படும்போது கெர்னலில் ஏற்றுகிற டிரைவர் ஃபைல்கள்) ஆர்8169, ஆர்8168 என்று இன்னொன்று. புது கார்டுக்குக் கீழே ஒரே வரிதான், பொருந்தக்கூடிய மாட்யூல் ஆர்8169. பயன்பாட்டில் உள்ள டிரைவர் என்ற வரியையே காணோம். அதாவது, இந்தக் கார்டை ஓட்டத் தெரிந்த டிரைவர் கெர்னலிடம் இருக்கிறது, ஆனால் அது ஏறவில்லை. நோய் என்ன என்று பாதி இங்கேயே தெரிந்துவிட்டது.

ஏன் ஏறவில்லை? கெர்னல் பழசாக இருந்தால் ஏறாது. 8125 சிப்புக்கான ஆதரவு ஆர்8169 டிரைவரில் வந்தது 5.4 கெர்னலில், 2019 நவம்பரில். டெபியன் 10-இல் இருப்பது 4.19, அதில் இந்தக் கார்டைப் போட்டால் தானாக ஓடாது. இங்கே டெபியன் 12, கெர்னல் 6.1. அதனால் அது காரணம் இல்லை. ஃபர்ம்வேர் (சிப்புக்குள் ஏற்றுகிற சின்ன நிரல்) இல்லாவிட்டால் டிமெஸ்ஜி-யில் (கெர்னலின் செய்திப் பதிவு) ஆர்8169 பெயரிலேயே புலம்பல் வரிகள் வந்திருக்கும் (அப்போது டெபியனில் ஃபர்ம்வேர்-ரியல்டெக் பேக்கேஜ் போட வேண்டும்). இங்கே ஆர்8169 என்று தேடினால் ஒரு வரிகூட இல்லை, மாட்யூல் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இப்படி ஒரு மாட்யூல் சத்தமே இல்லாமல் இருந்தால் யாரோ அதைத் தடுத்து வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம்.

இடிசி-க்குள் மோட்புரோப்.டி என்ற ஃபோல்டரில் (மாட்யூல் ஏறுவதற்கான விதிகள் இருக்குமிடம்) ஆர்8169 என்று கிரெப் போட்டுத் தேடினோம். இருந்தது, ஒரே வரி: பிளாக்லிஸ்ட் ஆர்8169.

இந்த வரி எப்படி வந்தது என்பதற்கு ஒரு பின்கதை உண்டு. பல வருஷங்களுக்கு முன்னால் கெர்னலின் ஆர்8169 டிரைவரில் சில 8111 சிப்கள் அடிக்கடி லிங்க் விட்டுப்போகும். அதற்கு மருந்தாக, ரியல்டெக்கின் சொந்த டிரைவரான ஆர்8168-ஐ டிகேஎம்எஸ் பேக்கேஜாக (கெர்னல் மாறும்போதெல்லாம் தானே கம்பைல் ஆகிக்கொள்வது) போட்டு, ஆர்8169-ஐ பிளாக்லிஸ்ட் செய்துவிடு என்ற குறிப்பு இணையம் முழுக்கப் பரவியது. அந்த மிஷினை முதலில் செட் பண்ணியவர் அந்தக் குறிப்பைப் பின்பற்றியிருக்கிறார். அன்று மிஷினில் ஒரே கார்டு, அதனால் யாருக்கும் பாதகம் இல்லை. டெபியனின் பேக்கேஜைச் செய்தவர்கள் இதைக் கவனமாக யோசித்திருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அவர்கள் கொடுக்கிற ஃபைலில் 8168 எண் உள்ள கார்டுகளை மட்டும் ஆர்8168-க்குத் திருப்பிவிட்டு, மொத்தமாகத் தடுக்கிற வரியைக் கமென்ட் ஆக்கி, தேவைப்பட்டால் திறந்துகொள்ளுங்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்கள் மூடி வைத்த கதவைத்தான் குறிப்பு எழுதியவர்கள் எல்லோரையும் திறக்கச் சொன்னார்கள்.

பிளாக்லிஸ்ட் என்பது மாட்யூல் தானாக ஏறுவதை மட்டும்தான் தடுக்கும், நாம் பெயர் சொல்லி ஏற்றினால் ஏறும். ரூட்டாக மோட்புரோப் ஆர்8169 அடித்தோம், அடுத்த நொடியே ஐபி லிங்க்கில் புது கார்டு வந்து நின்றது. தம்பி முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். ஆனால் பாதிதான் முடிந்தது, ஏனென்றால் பழைய கார்டு ஏன் போனது என்று இன்னும் தெரியவில்லை.

அது வேறு கோளாறு. இரண்டும் ஒரே நேரத்தில் வந்ததால்தான் எல்லோருக்கும் குழப்பம். இப்போதைய லினக்ஸில் கார்டுக்குப் பெயர் அது உட்கார்ந்திருக்கிற இடத்தை வைத்து வருகிறது. இஎன்பி2எஸ்0 என்றால் ஈதர்நெட், இரண்டாவது பஸ், பூஜ்யமாவது ஸ்லாட். புது கார்டு இல்லாதபோது மதர்போர்டு கார்டு இரண்டாவது பஸ்ஸில் இருந்தது, பெயர் இஎன்பி2எஸ்0. புது கார்டு வந்ததும் அது இரண்டாவது பஸ்ஸைப் பிடித்துக்கொண்டது, மதர்போர்டு கார்டு மூன்றுக்குத் தள்ளப்பட்டு இஎன்பி3எஸ்0 ஆகிவிட்டது. நெட்வொர்க் இன்டர்ஃபேசஸ் ஃபைலிலோ ஐபி முகவரியெல்லாம் இஎன்பி2எஸ்0 பெயரில்தான் எழுதியிருக்கிறது. அந்தப் பெயரில் கார்டே இல்லை, புது கார்டுக்குத்தான் டிரைவர் ஏறவில்லையே. இஎன்பி3எஸ்0 இருக்கிறது, அதற்கு முகவரி யாரும் எழுதவில்லை. கழற்றினால் பஸ் எண் பழையபடி ஆகி, பழைய பெயர் திரும்பி, நெட்டும் வந்துவிடுகிறது. ஒரு எஸ்எம்பிஎஸ் அநியாயமாகப் பழி சுமந்தது இதனால்தான்.

டிரைவரை மட்டும் சரிசெய்துவிட்டு ரீஸ்டார்ட் செய்திருந்தால் இன்னும் மோசம். புது கார்டு இஎன்பி2எஸ்0 என்ற பெயரோடு வந்து, பழைய கார்டின் ஐபி முகவரியைத் தூக்கிக்கொண்டிருக்கும். சுவிட்ச் கேபிள் இருப்பது ஒரு கார்டில், முகவரி இருப்பது இன்னொன்றில்.

அதனால் பெயர்களை மேக் முகவரியோடு (ஒவ்வொரு கார்டுக்கும் தயாரிப்பிலேயே வரும் தனி எண்) கட்டிவிட்டோம். இடிசி, சிஸ்டம்டி, நெட்வொர்க் ஃபோல்டருக்குள் கார்டுக்கு ஒன்றாக இரண்டு லிங்க் ஃபைல்கள். ஒவ்வொன்றிலும் அந்தக் கார்டின் நிரந்தர மேக் முகவரி, அதற்கு நாம் வைக்கிற பெயர், அவ்வளவுதான். ஃபைபர் பக்கம் வான்0, ஆபீஸ் பக்கம் லேன்0. ஈத்0, ஈத்1 என்று வைக்கக் கூடாது, கெர்னல் முதலில் கொடுக்கிற பெயர்களே அவைதான் என்பதால் மோதிக்கொள்ளும். இன்டர்ஃபேசஸ் ஃபைலிலும் புதுப் பெயர்களை எழுதினோம். கேட்வே (வெளியே போகிற வழி) வான்0-க்கு மட்டும். இரண்டு கார்டுக்கும் கேட்வே எழுதினால் பாக்கெட் எந்தப் பக்கம் போகிறது என்று தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

பிளாக்லிஸ்ட் வரியை எடுத்தோம், ஆர்8168 டிகேஎம்எஸ் பேக்கேஜையும் எடுத்துவிட்டோம். இன்றைய ஆர்8169 அந்த 8111 சிப்பை நன்றாகவே ஓட்டுகிறது, ஒரே டிரைவர் இரண்டு கார்டையும் பார்த்துக்கொண்டால் கெர்னல் அப்டேட் வரும்போதெல்லாம் தனி மாட்யூல் கம்பைல் ஆகிறதா என்று காத்திருக்க வேண்டாம். கடைசியாக அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ், யு ஆப்ஷனோடு. இதை விட்டுவிடாதீர்கள். மோட்புரோப் ஃபைல்களுக்கும் லிங்க் ஃபைல்களுக்கும் ஒரு நகல் இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் (பூட் ஆகும்போது முதலில் ஏறுகிற சின்ன ஃபைல் தொகுப்பு) இருக்கும், அதைப் புதுப்பிக்காமல் ரீஸ்டார்ட் செய்தால் நாம் அழித்த வரி அங்கிருந்து வேலை செய்துகொண்டிருக்கும்.

ரீஸ்டார்ட் செய்ததும் இரண்டும் வந்தன. வந்த உடனே, லிங்க் வேகத்தைக் காட்டுகிற எத்டூலைப் பார்த்துவிட்டுத் தம்பிக்கு அடுத்த கேள்வி: "அண்ணே, 2.5 ஜிபிபிஎஸ் கார்டு வாங்கிட்டு எத்டூல்ல 1000-னு காட்டுதே?" கார்டை லேன்0-ஆக வைத்திருக்கிறோம், அது போய்ச் சேருகிற சுவிட்ச் கிகாபிட் சுவிட்ச், இரண்டு முனையும் ஒத்துக்கொள்கிற வேகத்தில்தான் லிங்க் நிற்கும். ஸ்லாட்டில் பிரச்சினை இல்லை, எச்61-இன் எக்ஸ்1 ஸ்லாட் பிசிஐ எக்ஸ்பிரஸ் 2.0, நொடிக்கு 500 மெகாபைட் வரை போகும், 2.5 ஜிபிபிஎஸ்ஸுக்கு அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே போதும். சுவரில் ஓடுகிற கேபிளும் கேட்5இ, 100 மீட்டர் வரை இந்த வேகத்தைத் தாங்கும். மாற்ற வேண்டியது சுவிட்ச் ஒன்றுதான். பெரிய பெரிய பிடிஎஃப் ஃபைல்களை நாள் முழுக்கச் சர்வரிலிருந்து இழுக்கிற ஆபீஸ் அது, செலவு வீண் போகாது. ஆனால் டிசைன் சிஸ்டங்களிலும் 2.5 கார்டு போட்டால்தான் ஒவ்வொன்றுக்கும் அந்த வேகம் கிடைக்கும் என்று சொல்லியிருக்கிறேன். இப்போதைக்குச் சுவிட்ச் விலை விசாரித்துக்கொண்டிருக்கிறான்.